சூட்டு பிளக்கும் குளிர் பிளக்கும்

இன்ஜினுக்கு வேலை பார்த்து காரோட வேகத்தைக் கூட்டுற நகரத்து நண்பர்கள், செலவெல்லாம் செஞ்சுட்டு, பிளக்கை மட்டும் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி மாட்டிடுறாங்க. அந்தச் சின்னச் சாமானுக்குப் பின்னாடி பெரிய கதை இருக்கு. அதுல பாதி சம்சாரி வீட்டுக் கதை. அதனாலதான் இங்கே எழுதுறேன்.

1860-லேயே பாரிசில் லெனுவார் செய்த வாயு இன்ஜின் மின்பொறியில்தான் ஓடியது. ஆனாலும் நம்பி ஓட்டுற பிளக் வந்தது 1902-ல். ஜெர்மனியில் ராபர்ட் பாஷிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்டு, உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் செய்து காட்டினார்.

1908-ல் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வந்தது. 4 சிலிண்டர், 2.9 லிட்டர், வெறும் 20 குதிரைத்திறன். 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்தார்கள். அமெரிக்கச் சம்சாரிகள் அதைக் காராக மட்டும் வெச்சுக்கலை. பின்சக்கரத்தை ஜாக்கி வெச்சுத் தூக்கி, பெல்ட் மாட்டி தானியம் அரைச்சாங்க, விறகு அறுத்தாங்க.

அதே இன்ஜினைப் பந்தயக்காரர்களும் விடவில்லை. செவ்ரோலே சகோதரர்கள் வால்வுகளை மேலே வைத்த ஃப்ரான்டெனாக் ஹெட்டைச் செய்து விற்றார்கள். அதை மாட்டிய ஃபோர்டு ஒன்று 1923 இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தது.

இன்னொரு பக்கம், 1917-ல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தணும். நம்ம பக்கத்துப் பழைய மண்ணெண்ணெய் பம்புசெட்டுக்கும் இதே கதைதான்.

இங்கேதான் பிளக் சங்கதி வருது. பிளக் நுனி சுமார் 450 டிகிரிக்குக் கீழே இருந்தா கரி எரியாம அப்பிக்கும். 850-ஐத் தாண்டி ஏறிட்டா, பொறி வர்றதுக்கு முன்னாடியே நுனியே நெருப்பு வெச்சிடும், பிஸ்டன் ஓட்டையாகும். உள்ளே பீங்கான் மூக்கு நீளமா இருந்தா சூடு மெதுவா இறங்கும், அது சூட்டு பிளக். குட்டையா இருந்தா சீக்கிரம் இறங்கும், அது குளிர் பிளக். மண்ணெண்ணெய் கரி கக்கும், அதுக்குச் சூட்டு பிளக் வேணும். பந்தய இன்ஜின் அனலா கொதிக்கும், அதுக்குக் குளிர் பிளக். வேலை மாறினா பிளக்கும் மாறணும்.

உங்க காருக்கும் இதேதான் கணக்கு. கம்ப்ரஷனைக் கூட்டினாலோ டர்போ மாட்டினாலோ ஒரு படி குளிர்ந்த பிளக்கிலிருந்து பார்க்க ஆரம்பிங்க. டர்போவுக்கு இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கணும். அழுத்தம் கூடினா பொறி தாண்டுறது கஷ்டம். எண்ணை நம்பி ஏமாறாதீங்க. என்ஜிகே பிளக்கில் எண் கூடினா குளிர்ச்சி. பாஷ், சாம்பியனில் எண் கூடினா சூடு. மரை நீளம் மட்டும் பழைய அளவே இருக்கணும், நீண்டா பிஸ்டனில் இடிக்கும்.

நல்லா ஓட்டிட்டு, ஆறினதும் கழட்டிப் பாருங்க. இளம் பழுப்பு நிறம்னா சரி. கருப்புக் கரின்னா குளிர்ச்சி அதிகமா இருக்கலாம், இல்ல பெட்ரோல் கூடப் போகலாம். வெள்ளை வெளேர்னு கொப்புளம் தெரிஞ்சா வண்டியை எடுக்காதீங்க. பிளக் விலை சில நூறு ரூபா. பிஸ்டன் போனா இன்ஜினையே இறக்கணும்.