இரவுக் கணக்கு

தமிழில் வசவாகிப் போன இங்கிலீஷ் எழுத்துக்கள் இரண்டு உண்டு. ஒன்று 'கே', மற்றொன்று 'டி'. "அவன் சரியான கேடி" என்று சொல்லும்போது, கேடு என்ற சொல்லிலிருந்துதான் அது வந்திருக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைத்துக் கொள்கிறோம். உண்மையில் அது பிறந்த இடம் போலீஸ் ஸ்டேஷன். 'நோன் டெப்ரடேட்டர்', அதாவது 'தெரிந்த கொள்ளைக்காரன்' என்று வெள்ளைக்காரன் காலத்தில் எழுதி வைத்த பட்டியலின் சுருக்கம் அது. எழுதும்போது முன்னால் நின்று, சொல்லும்போது ஒளிந்து கொள்ளும் 'கே' அந்த முதல் வார்த்தையில் இருக்கிறது.

தெரிந்த கொள்ளைக்காரன் என்றால் யாருக்குத் தெரிந்தவன்? போலீஸாருக்குத் தெரிந்தவன். கோர்ட்டில் குற்றம் நிரூபணமானவன் என்று அதற்குப் பொருள் இல்லை. முதலில் பட்டியல், பிறகு சந்தேகம், குற்றம் என்று ஒன்று இருந்தால் அது கடைசியில். இந்த வரிசையை நன்றாக மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். ஏனென்றால் இந்தப் பட்டியல் வித்தை இன்னும் சாகவில்லை. இனி அது நம் வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் மின்சார மீட்டர் வழியாகவும் வரக்கூடும்.

மதுரையிலிருந்து மேற்கே போய் ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டினால் தேனி. அங்கிருந்து தெற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கு பச்சைப் பசேலென்று நீளுகிறது. 1895-ல் பென்னிகுயிக் முடித்துக் கொடுத்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து இறங்குகிற பூமி. கணவாய்க்குக் கிழக்கே உசிலம்பட்டி வட்டாரம் வானம் பார்த்த சீமை. அங்கிருந்து அணைக்கு முன்பும் பின்பும் பிழைப்புத் தேடிப் பள்ளத்தாக்குக்கு வந்து குடியேறியவர்களில் பிரமலைக் கள்ளர்கள் பலர்.

இவர்களுக்கு ஊர்க்காவல் பரம்பரைத் தொழில்களில் ஒன்று. கிராமத்தார் கொடுக்கும் காவல் கூலிக்கு இரவெல்லாம் விழித்திருந்து, வயலையும் மாட்டையும் காப்பார்கள். களவு போனால் ஈடு செய்ய வேண்டும். களவு போன மாட்டைத் துப்புச் சொல்லி மீட்டுத் தருவதற்குத் துப்புக்கூலி என்று தனியாக ஒன்று உண்டு. காப்பவரே களவாடி, களவாடியவரே துப்பும் சொல்லுகிறார் என்று துரைமார்கள் எழுதினார்கள். 1906-ல் பிரான்ஸிஸ் துரை தொகுத்த மதுரை ஜில்லா கெஜட்டியரில் இந்தப் புகாரை விரிவாகக் காணலாம். புகாரில் உண்மையே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. களவு செய்தவர்களும் இருந்தார்கள். ஏர் பிடித்து மானமாகப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் சர்க்கார் அவர்களைப் பிரித்துப் பார்க்கச் சிரமப்படவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் கையில் இருந்தது.

1871-ல் வடக்கே பிறந்த அந்தச் சட்டம் 1911-ல் திருத்தி எழுதப்பட்டு, சென்னை ராஜதானிக்கும் வந்து சேர்ந்தது. 1914-ல் மதுரைக்கு அருகே கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மீது பாய்ந்தது. 1918-ல் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் அதன் வலையில் விழுந்தது. வயது வந்த ஆண்கள் பத்து விரல்களையும் மையில் தோய்த்துப் பதிய வேண்டும். அதனால் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். பதிவானவன் ஊரை விட்டுப் போவதானால் சீட்டு வாங்க வேண்டும். போன ஊரில் அதைக் காட்ட வேண்டும். எல்லாவற்றிலும் கொடியது இராத்திரி ஆஜர். பொழுது சாய்ந்ததும் ஊர்ச்சாவடிக்கோ ஸ்டேஷனுக்கோ போய்ப் பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்க வேண்டும். பலர் அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் இரவில் மாப்பிள்ளை சாவடித் திண்ணையில் படுத்திருந்த கதையை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம்.

இரவெல்லாம் ஊரைக் காத்த ஜனங்களின் இரவையே சர்க்கார் எடுத்துக்கொண்டது. பகலில் ஒரு மனிதன் சந்தையில் இருப்பான், வயலில் இருப்பான். நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள். விளக்கை அணைத்த பிறகு வீட்டுக்குள் இருக்கிறானா இல்லையா, யாரோடு பேசுகிறான், எப்போது தூங்குகிறான் என்பது அவனுக்கும் அவனைச் சேர்ந்தவர்களுக்கும் மட்டும் உரிய விஷயம். அதைக் கணக்கெடுப்பவன் அந்த மனிதனைப் பாதி ஜெயிலில் போட்டவனாகிறான்.

இதை உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் ஜனங்கள் படிப்பறிவில்லாமலே புரிந்து கொண்டார்கள். 1920 ஏப்ரல் 3-ந் தேதி ரேகை பதிய வந்த போலீஸ் படையிடம் கை நீட்ட மறுத்தார்கள். துப்பாக்கி வெடித்தது. இறந்தவர்கள் 16 பேர் என்று அங்குள்ள நினைவுத் தூண் சொல்லுகிறது. அவர்களில் ஒரு பெண், மாயக்காள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்று ஊரார் சொல்லுகிறார்கள். அந்த ஜனங்களுக்காக வழக்காடியவர் மதுரையில் பாரிஸ்டராக இருந்த ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்த அந்த மலையாளக் கிறிஸ்தவரைக் கள்ளர் மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று பிரியமாக அழைத்தார்கள்.

அதே ஆண்டில்தான் கள்ளர் சீரமைப்பு என்ற திட்டமும் தொடங்கியது. பள்ளிக்கூடங்கள் வந்தன, கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன, கிணறு வெட்டக் கடன் கிடைத்தது. அந்தப் பள்ளிகளில் படித்து முன்னுக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்ற பெயர்ப் பலகைகளைத் தேனி ஜில்லாவில் நாமே பார்த்திருக்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி இந்தச் சரித்திரத்தை ஆராய்ந்து 2009-ல் நூல் வெளியிட்ட ஆனந்த் பாண்டியன் என்ற மானிடவியலர், காவலும் சீர்திருத்தமும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதைக் காட்டியிருக்கிறார். பள்ளிக்கூடத்து சிலேட்டும் போலீஸாரின் ரேகைப் புத்தகமும் ஒரே நிர்வாகத்தின் இரண்டு கைகளில் இருந்தன. கண்காணிப்பு எப்போதும் வெறுங்கையோடு வருவதில்லை. ஏதாவது ஒரு நன்மையையும் கொண்டுதான் வரும்.

முத்துராமலிங்கத் தேவர் முதலானோர் ஆண்டுக் கணக்கில் போராடிய பிறகு, 1947-ல் சென்னை சர்க்கார் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஆனால் மறு வருஷமே, பழங்குற்றவாளிகளைக் கட்டுப்படுத்த என்று இன்னொரு சட்டம் இங்கே வந்துவிட்டது. சாதிக்குப் பதில் தனிமனிதன், அது முன்னேற்றம்தான். ஸ்டேஷன் பட்டியல் மட்டும் அலமாரியை விட்டு இறங்கவில்லை.

பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக நள்ளிரவில் ஒருவன் வீட்டுக் கதவைத் தட்டலாமா? இந்தக் கேள்விக்கு 1962-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. வழக்குப் போட்டவர் உத்தரப் பிரதேசத்து கரக் சிங். கொள்ளை வழக்கு ஒன்றில் 1941-ல் பிடிபட்டு, சாட்சியம் இல்லை என்று விடப்பட்டவர். அப்படியும் போலீஸார் அவர் பெயரில் ஒரு சரித்திரத்தாள் திறந்து வைத்து, இரவில் வந்து கதவைத் தட்டி எழுப்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆறு நீதிபதிகள் கேட்டார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னையிலிருந்து போன ராஜகோபால அய்யங்கார். இரவில் வீடு புகுவது சட்ட விரோதம் என்று அடித்துச் சொன்ன அவரே, அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் உறுதி கூறிய உரிமை அல்ல என்றும் சொல்லிவிட்டார். சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்த இன்னொருவர், சுப்பா ராவ், ஒப்புக்கொள்ளவில்லை. கண்காணிப்பு முழுவதுமே சுதந்திரத்துக்கு விரோதம் என்று மாறுபட்டு எழுதினார். அவர் பக்கம் நியாயம் திரும்ப 55 வருஷம் ஆயிற்று. 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள்.

கதவைத் தட்டும் கை நின்றது. ஆனால் தட்டாமலே உள்ளே பார்க்கும் வித்தை இதற்குள் வந்துவிட்டது.

கம்பம் பள்ளத்தாக்கை விளைய வைத்த அதே பெரியாற்றுத் தண்ணீர், 1958 முதல் லோயர் கேம்ப் மின் நிலையத்தில் சக்கரம் சுற்றி மின்சாரமும் தருகிறது. அந்த மின்சாரத்தோடு வீட்டுக்கு வீடு மீட்டர் வந்தது. பழைய மீட்டர் பரம சாது. சக்கரம் சுற்றும், எண் நகரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரியத்துக்காரர் வந்து அட்டையில் குறித்துவிட்டுப் போவார். இரண்டு மாதக் கூட்டுத் தொகையிலிருந்து ஒரு குடும்பத்தின் இரவை யார் படிக்க முடியும்?

ஸ்மார்ட் மீட்டர் என்கிற புதியது அப்படியல்ல. கால்மணிக்கு ஒருமுறை, அரைமணிக்கு ஒருமுறை என்று கணக்கு எழுதி, ஆள் வராமலே ஆபீசுக்கு அனுப்பிவிடும். கிரைண்டர் ஓடுகிற கணக்கு ஒரு மாதிரி; தண்ணீர் மோட்டார் ஓடுகிற கணக்கு வேறு மாதிரி. அமெரிக்காவில் மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹார்ட் என்பவர் 1980-களில், வீட்டுக்கு வெளியே இருந்தபடியே எந்தச் சாதனம் எப்போது ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் முறையை வகுத்தார். 1989-ல் அவரே, இது வேவு பார்க்கப் பயன்படக்கூடும் என்று எச்சரித்துக் கட்டுரையும் எழுதினார். கத்தியைச் செய்தவனே கூர் அதிகம் என்று சொல்லுவது அபூர்வம்.

எச்சரிக்கை வீண் போகவில்லை. வருசநாட்டு மலைச் சரிவில் ஒரு காலத்தில் ஒளித்துப் பயிரிட்ட கஞ்சாவுக்குச் சூரியன் இருந்தான். அமெரிக்காவில் அதை வீட்டுக்குள்ளே பெரிய விளக்குகளை எரித்து வளர்த்தார்கள். ஆகவே அங்கே போலீஸார் மின்சாரக் கணக்கை மோப்பம் பிடித்தார்கள். 1992-ல் ஒரிகன் மாகாணத்தில் ஒருவர் வீட்டு மின்சாரச் செலவைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, விடியற்காலை 3 மணிக்கு வெளியே காரில் உட்கார்ந்து, சுவர்ச் சூட்டைக் காட்டும் கருவியால் வீட்டை அளந்தார்கள். 2001-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வாரண்ட் இல்லாமல் அப்படி அளந்தது தவறு என்றது. வீட்டுப் பெண்மணி குளிக்கும் நேரத்தைக்கூட அந்தக் கருவி காட்டிக் கொடுத்துவிடுமே என்று தீர்ப்பில் கேட்டார்கள். கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ நகரத்து மின்வாரியம், மின்சாரம் அதிகம் செலவழித்த வீடுகளைப் பட்டியல் போட்டுப் போலீஸாருக்குக் கொடுத்து வந்தது. 2022-ல் அதன்மேல் வழக்கு வந்தது. 2025-ல் அது சட்ட விரோதம் என்று கோர்ட் கண்டது. ஊர் வேறு, காலம் வேறு. வரிசை மட்டும் அதே வரிசை. முதலில் பட்டியல், பிறகு சந்தேகம்.

நம் தேசத்தில் 2021-ல் தொடங்கிய திட்டத்தில் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்துவது என்று இலக்கு வைத்தார்கள். திருட்டு மின்சாரம் குறையும், தவறான பில் வராது என்கிறார்கள். நியாயமான காரணங்கள்தான். ஆனால் கள்ளர் நாட்டுப் பள்ளிக்கூடமும் நியாயமானதுதானே? நன்மையை வாங்கிக்கொண்டு, உடன் வருவது என்ன என்று கேட்கத் தெரிய வேண்டும்.

2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டத்தில் ஓர் அருமையான விதி இருக்கிறது. திருட்டு மின்சாரத்தைப் பிடிக்க வரும் அதிகாரியும், பொழுது சாய்ந்து பொழுது விடியும் வரை, வீட்டில் வயது வந்த ஆண் ஒருவர் இல்லாமல் உள்ளே சோதனை போடக்கூடாது. வீட்டின் இரவுக்குச் சட்டம் கொடுத்த மரியாதை அது. அந்த மரியாதை உள்ளே நுழையும் மனிதனுக்குத்தான். மீட்டருக்குப் பொழுது சாய்வதும் இல்லை, விடிவதும் இல்லை. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, குற்றத்தைத் தடுக்கவும் துப்புத் துலக்கவும் என்றால் பல கட்டுப்பாடுகளைத் தளர்த்திவிடுகிறது.

குற்றவாளியைப் பிடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குறிப்பிட்ட ஒரு வீட்டின்மேல் தக்க சந்தேகம் இருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் காரணம் சொல்லி உத்தரவு வாங்கட்டும். அந்த ஒரு வீட்டுக் கணக்கைப் பார்க்கட்டும். ஊர்க் கணக்கை மொத்தமாக எடுத்து வைத்துக்கொண்டு அதற்குள் கேடிகளைத் தேடக்கூடாது. இந்த வரம்பைச் சட்டத்தில் எழுதி வைக்க வேண்டிய வேளை, மீட்டர் மாட்டுவதற்கு முந்திய வேளைதான். மாட்டிய பிறகு அல்ல. பெருங்காமநல்லூர் ஜனங்களுக்கு மைப்புட்டி கண்ணுக்குத் தெரிந்தது; கையை இழுத்துக்கொள்ள முடிந்தது. மை இல்லாமலே ரேகை எடுக்கிற இந்தக் காலத்தில், இழுத்துக்கொள்ளக் கை எங்கே இருக்கிறது என்பதை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.