லெப்சா மக்களிடையே கிறித்தவ மிஷன்

கிழக்கு இமயத்தில் சிக்கிம், டார்ஜிலிங், காலிம்பொங் மலைப்பகுதிகளின் தொல்குடிகள் லெப்சாக்கள். தங்களை ரோங் என்று சொல்லிக்கொள்வார்கள். கஞ்சன்ஜங்கா சிகரத்தைத் தெய்வமாகப் போற்றுவதும், ‘முன்’, ‘போங்திங்’ எனப்படும் பூசாரிகளைக் கொண்டு நோய்க்கும் விளைச்சலுக்கும் சடங்கு செய்வதும் இவர்களது பழைய சமயம். 17ஆம் நூற்றாண்டில் திபெத்திய வழி பௌத்தம் அதன்மேல் வந்து படிந்தது, பழையது அழிந்துவிடவில்லை. கிறித்தவம் வந்தது 1840களில்.

சிக்கிம் அரசர் 1835இல் டார்ஜிலிங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, எந்தப் பெரிய சங்கத்தையும் சாராமல் சொந்தப் பணத்தில் ஊழியம் செய்த வில்லியம் ஸ்டார்ட் அங்கே வந்து லெப்சாப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். டார்ஜிலிங்கை அடுத்த துக்வாரில் குடியமர்ந்து அவரோடு உழைத்த ஜெர்மானியர்கள் சிலர் காலப்போக்கில் விவசாயத்துக்கும் தேயிலைக்கும் போய்விட்டார்கள். ஆனால் அவர்களில் ஒருவரான நீபெல் லெப்சா மொழியைக் கற்று, பாடப்புத்தகங்கள் எழுதி, விவிலியப் பகுதிகளை மொழிபெயர்த்தார். மத்தேயு சுவிசேஷம் 1845இல் கல்கத்தாவில் லெப்சா எழுத்திலேயே அச்சாயிற்று. அதுவரை கையெழுத்துச் சுவடிகளில், பெரும்பாலும் பௌத்த நூல்களை எழுதவே பயன்பட்டுவந்த எழுத்து அது. அதற்கு அச்சு வார்ப்பு செய்யவைத்தது மிஷன்தான் என்பதை, மிஷனை விரும்பாதவர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் காலத்தின் விசித்திர மனிதர் ஜார்ஜ் மெயின்வாரிங். ராணுவ அதிகாரி, லெப்சா மொழியில் மனம் பறிகொடுத்தவர். இவரது லெப்சா இலக்கணம் 1876இல் வெளிவந்தது. எபிரேயத்துக்கும் சமஸ்கிருதத்துக்கும் மூத்த மொழி இது என்று அதில் வாதிட்டார். மொழியியலாளர் எவரும் அதை ஏற்கவில்லை; ஆனால் அவர் சேர்த்துவைத்த சொற்களை ஒதுக்கவும் எவராலும் முடியவில்லை. அவர் இறந்தபின் க்ரூன்வெடெல் என்ற அறிஞர் அந்தச் சொற்களின் அகராதியை முடித்து 1898இல் பெர்லினில் வெளியிட்டார்.

ஸ்காட்லாந்துத் திருச்சபையின் வில்லியம் மக்ஃபார்லேன் 1870இல் டார்ஜிலிங் வந்த பிறகு ஊழியத்தின் அளவே மாறியது. பூடானோடு நடந்த போருக்குப்பின் ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்த காலிம்பொங்கிலும் பள்ளிகள், ஆசிரியர் பயிற்சி, சபை எல்லாம் எழுந்தன. 1889இல் வந்த ஜான் ஆண்டர்சன் கிரகாம், ஸ்காட்லாந்து இளைஞர் கில்டு என்ற அமைப்பு அனுப்பிய முதல் மிஷனரி. ஊரிலிருந்த கில்டு உறுப்பினர்களின் ஜெபமும் காணிக்கையும்தான் அவருக்குப் பின்பலம். அந்த ஜெபங்களில் இமயத்துக்கு அப்பால் கதவடைத்துக் கிடந்த திபெத்தும் நேபாளமும் பெரிதாக இடம்பிடித்தன. காலிம்பொங் அவற்றின் வாசற்படியாகவே பார்க்கப்பட்டது. 1882இல் பெடோங்கில் குடியேறிய பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குரு டெகோடனின் கண்ணும் திபெத்தின் மேல்தான். வாசற்படியிலேயே குடியிருந்த லெப்சாக்கள் இரண்டாம் இடத்துக்குப் போனது இதனால் என்பது என் கணிப்பு.

இன்னொரு காரணமும் உண்டு, அதுவே பெரியது. தேயிலைத் தோட்டங்களுக்கு நேபாளத்திலிருந்து ஆயிரக்கணக்கில் தொழிலாளர் வந்தார்கள். சொந்த மண்ணிலேயே லெப்சாக்கள் சிறுபான்மையானார்கள். மிஷன் பள்ளிகள் முதலில் இந்தியையும் பிறகு நேபாளியையும் கைக்கொண்டன. டார்ஜிலிங்கில் மதம் மாறிய நேவார் சமூகத்தவரான கங்கா பிரசாத் பிரதான் பல்லாண்டு உழைத்த நேபாளி முழு விவிலியம் 1914இல் வெளிவந்தது. லெப்சாவுக்கு அப்படி ஒரு முழு நூல் 19ஆம் நூற்றாண்டில் அமையவில்லை; தனித்தனிப் பகுதிகள்தான். லிம்பு, ராய், நேவார், லெப்சா என்று பல இனத்தார் ஒரே பெஞ்சில் உட்காரும் சபையில் பாட்டும் ஜெபமும் நேபாளியில் நடப்பது வசதி. அந்த வசதிக்கு லெப்சா மொழி விலை கொடுத்தது. பழியை மிஷன் மீது மட்டும் போடுவது நியாயமாகாது: சந்தையும் தோட்டமும் அதே மொழியைத்தான் பேசின. எழுத்தறிவும் ஆசிரியர் வேலையும் காலிம்பொங் லெப்சாக்களுக்குப் பள்ளிவழியே வந்தன என்பதும் உண்மை.

சிக்கிமில் நிலைமை வேறு. பௌத்த அரசவை மிஷனரிகளை எளிதில் உள்ளே விடவில்லை. வடக்கே லாச்சென், லாச்சுங் பகுதியில் ஸ்காண்டிநேவிய ஊழியர்கள் சிறிய அளவில் வேலை செய்தார்கள். 1920களில் கேங்டாக் வந்த ஸ்காட்லாந்துப் பெண்மணி மேரி ஸ்காட் பெண்கல்விக்கு வழி திறந்தார். லெப்சாக்களுக்கென ஒதுக்கப்பட்ட ஸோங்கு பகுதியில் 1937இல் தங்கி ஆய்வு செய்த ஜெஃப்ரி கோரர் கண்டது, ஒரே வீட்டுக்கு லாமாவும் பழைய பூசாரியும் வந்துபோகும் வாழ்க்கையை.

சிக்கிம் 1975இல் இந்தியாவுடன் இணைந்தது; இரண்டு ஆண்டுகளில் லெப்சா அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்றாகி, பள்ளிப் பாடமும் ஆயிற்று. மேற்கு வங்க மலைப்பகுதியில் அந்தப் பொறுப்பை லெப்சா சங்கமே எடுத்து, கிராமங்களில் இரவுப் பள்ளிகள் நடத்திவருகிறது. 2008இல் லெப்சா எழுத்து யூனிகோடில் சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் லெப்சாவைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் சுமார் 47,000 பேர்.