இரட்டையாட்சியின் முதல் தேர்தலும் கடலூர் சுப்பராயலு ரெட்டியாரும் (1920–1923)

சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சர் கடலூர் அ. சுப்பராயலு ரெட்டியார் என்பது நூல்கள் பலவும் கூறும் செய்தி. 1920 நவம்பர்த் தேர்தலில் மக்கள் அவரை அப்பதவிக்குத் தேர்ந்தெடுத்தனர் என்று அதனை விரித்துரைப்பாரும் உளர். அவ்விரிவு சட்டத்தின் முன் நிற்பதன்று.

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் முதலமைச்சர் என்றொரு பதவியே இல்லை. அமைச்சர்களை அமர்த்துபவர் ஆளுநர். ஆளுநரோ லண்டனில் நியமனம் பெற்று வந்தவர். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் தன் ஆளுநரை 1777இலேயே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது என்பது இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. வாக்குரிமை சொத்துடையார்க்கே என்ற அளவில் மட்டும் இரண்டும் ஒத்தன. சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12.5 லட்சம் பேரே வாக்காளர். அவர்களிலும் நான்கில் ஒரு பங்கினரே வாக்களித்தனர். பெண்களுக்கு அத்தேர்தலில் வாக்குரிமை இல்லை. ஒத்துழையாமையை மேற்கொண்ட காங்கிரசு தேர்தலைப் புறக்கணித்தது. 98 தேர்தல் இடங்களுள் நீதிக்கட்சி 63 பெற்றதை இப்பின்னணியிலேயே மதிப்பிடுதல் வேண்டும்.

ஆளுநர் வில்லிங்டன் பெரும்பான்மைக் கட்சியின் தலைவரான பி. தியாகராயச் செட்டியாரை அழைத்தார். அவர் மறுத்துவிடவே, சுப்பராயலு ரெட்டியார் 1920 டிசம்பர் 17இல் முதல் அமைச்சரானார். பனகல் அரசரும் கே. வி. ரெட்டி நாயுடுவும் உடன் அமைந்தனர். ஆக, அப்பதவி வாக்குப்பெட்டியிலிருந்து நேரே வந்ததன்று. சட்டம் கோராத ஒரு மரபை ஆளுநர் கைக்கொண்டதால் வந்தது.

ரெட்டியார் பொறுப்பேற்ற துறைகளுள் கல்வியும் ஒன்று. அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கியதும் அதே 1920இல்தான். கல்வி அமைச்சரிடம் வந்தபோதும், நிதி ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே ஒதுக்கப்பட்டிருந்தது. தனியார் கொடையின் இடத்தை இவ்வமைப்பு ஓரளவு விளக்குகிறது. சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவிய சுவாமி சகஜானந்தர் பின்னாளில் சட்டமன்றம் புகுந்ததும் நியமனத்தால்தான். ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தேர்தல் வாயில் அன்று திறந்திருக்கவில்லை.

உடல்நலக் குறைவால் ரெட்டியார் 1921 சூலையில் விலகினார். பனகல் அரசர் முதல் அமைச்சரானார். அவ்வாண்டு செப்டம்பர் 16இல் வெளியான வகுப்புவாரி அரசாணையை ரெட்டியார் கணக்கில் சேர்ப்பது காலவழு. அவர் விலகலின் விளைவு வேறொன்று. ஆய்வாளர் அதனைப் போதிய அளவு பொருட்படுத்தவில்லை. காலியான இடத்திற்குக் கஞ்சம் மாவட்டத்து ஏ. பி. பாத்ரோ வந்தார். தெலுங்கு மரபினராயினும் தென்னார்க்காட்டவரான ரெட்டியார் நீங்கியதும், தமிழ் மாவட்டங்களிலிருந்து அமைச்சர் ஒருவரும் இல்லாத நிலை உண்டாயிற்று. கட்சிக்குள் எழுந்த தமிழ் உறுப்பினரின் மனக்குறைக்கு இஃதொரு முதன்மைக் காரணம் எனலாம். 1923 தேர்தலில் கட்சியின் பலம் குறைந்தது. அதன்பின் அமைந்த அமைச்சரவையிலேயே கே. வி. ரெட்டி நாயுடுவின் இடம் திருநெல்வேலி டி. என். சிவஞானம் பிள்ளைக்குக் கிடைத்தது.