கட்டில் யாருக்கு?

ஜுரம் கண்டவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. ஆனால், போக வேண்டியவர் ஒருவர்கூட வீட்டில் தங்கிவிடக் கூடாது. சொல்வது சுலபம். வாசலில் நூறு பேர் இருமிக்கொண்டு நிற்கும்போது அவர்களை எப்படிப் பிரிப்பது?

புதுச்சேரிக்கு வைத்தியம் புதிதல்ல. 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே ஒரு வைத்தியப் பள்ளி தொடங்கினார்கள். அந்தப் பரம்பரையில் வந்து, 1964-இல் இன்றைய பெயரைப் பெற்றது கோரிமேட்டு ஜிப்மர். கடலூர், விழுப்புரம் பக்கத்து ஜனங்களும் நோய் முற்றினால் அங்கேதான் பஸ் ஏறுவார்கள். 2009-இல் உலகைச் சுற்றிய பன்றிக் காய்ச்சல் அந்த ஊரையும் விடவில்லை.

முதலில் சர்க்கார், நோய் உறுதியானவர்களை, காய்ச்சல் லேசாக இருந்தாலும், ஆஸ்பத்திரியில் தனியே வைத்தது. வெளிநாட்டுப் பயணிகளோடு கிருமி நின்றவரையில் அது சரி. ஆகஸ்ட் 3-ஆம் தேதி புனேயில் முதல் மரணம் நேர்ந்தது. உடனே பயமும் ஒரு தொற்றுநோயாகப் பரவியது. பரிசோதனைக்கு நின்ற வரிசையிலேயே கிருமி ஆள் மாறக்கூடும் அல்லவா?

1957-இல் சிங்கப்பூர்க் கப்பலோடு சென்னையில் இறங்கிய ஆசியக் காய்ச்சல், கணக்கில் வந்தவரை மட்டுமே 44 லட்சம் இந்தியரைப் படுக்க வைத்தது. அத்தனை பேருக்குக் கட்டில் போட எந்த தேசத்தால் முடியும்?

ஆகவே 2009-இல் மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை மூன்றாகப் பிரித்தது. சாதாரணக் காய்ச்சலும் இருமலும் ‘ஏ’ வகை: வீட்டில் ஓய்வு, சோதனை வேண்டாம், ஆனால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும். கடுங்காய்ச்சலும் தொண்டை வலியும் உள்ளவர்கள் ‘பி’ வகை. கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், நீரிழிவோ இருதய நோயோ உள்ளவர்கள் ஆகியோரும் இதில் சேர்ந்தார்கள். இவர்களுக்கும் வீடுதான், மருந்து மட்டும் கூடுதல். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் இரத்தம், நகம் நீலம் பாய்வது — இவற்றில் ஒன்று கண்டாலும் ‘சி’ வகை. சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் உடனே கட்டில்.

கவனியுங்கள்: தெர்மாமீட்டர் எத்தனை டிகிரி காட்டுகிறது என்பதைவிட, மூச்சு எப்படி ஓடுகிறது என்பதே இங்கே தீர்ப்புச் சொன்னது.

2023 மார்ச்சில் மறுபடி காய்ச்சல் பரவியபோது, புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளைப் பத்து நாள் மூடினார்கள். குழந்தைகள் வீட்டில் இருந்தார்கள். பிரிக்கும் பொறுப்பும் டாக்டரிடமிருந்து தாயிடம் வந்தது. குழந்தை பால் குடிக்க மறுத்தால், எழுப்பியும் சோர்ந்து கிடந்தால், விலா உள்வாங்க மூச்சு விட்டால், விடியட்டும் என்று அவள் காத்திருக்கலாகாது.