மீட்டர் சொன்ன சாட்சி

ஒரு கடைக்காரர் கணக்கு எழுதுகிறார். அந்தக் கணக்கு சரிதான் என்று அவரே சாட்சி சொல்கிறார். பிறகு அவரே நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "உன் கட்சி தள்ளுபடி" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். இப்படி ஒரு கடை ஊரில் இருந்தால் நாம் அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம். ஆனால் டெலிபோன் விஷயத்தில் நம் தேசம் வெகு காலம் அந்தக் கடையில்தான் சாமான் வாங்கிக்கொண்டிருந்தது. கணக்கன், சாட்சி, நீதிபதி என்ற மூன்று வேஷங்களையும் ஒரே ஆளிடமிருந்து பிரித்தெடுக்க எத்தனை வருஷங்கள் பிடித்தன என்பதே நான் இங்கே சொல்லப்போகும் சரித்திரம். இதில் ராஜா இல்லை, ராணி இல்லை. மாதாமாதம் வீட்டுக்கு வரும் பில் ஒன்றுதான் கதாநாயகன்.

டிரங்க் கால் நாட்களில் ஆபரேட்டரிடம் ஊரையும் எண்ணையும் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் அவர் ஒரு சீட்டு எழுதுவார். சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க அந்தச் சீட்டு இருந்தது. 1960 நவம்பரில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே எஸ்.டி.டி. வந்தது. பிறகு ஊர் ஊராகப் பரவிற்று. மகத்தான சௌகரியந்தான். ஆனால் சீட்டு போய், மீட்டர் வந்து உட்கார்ந்துகொண்டது. உள்ளூர்ப் பேச்சும் வெளியூர்ப் பேச்சும் ஒரே மீட்டரில் ஏறின; தூரம் கூடினால் மீட்டர் விரைந்து ஓடும். எக்ஸ்சேஞ்சில் வரிசையாக இருந்த மீட்டர்களைப் புகைப்படம் பிடித்து, படத்தில் தெரிந்த எண்ணைக் கொண்டு பில் போட்டார்கள். "நான் இவ்வளவு பேசவில்லையே!" என்றால், "மீட்டர் சொல்கிறதே!" என்று பதில் வரும். மீட்டரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா?

சரி, யாரிடம் முறையிடுவது? 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டத்தில் 1957-ல் 7-பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தகராறு வந்தால் மத்தியஸ்தர் தீர்ப்பார். அவரை நியமிப்பது மத்திய சர்க்கார். அவர் சொன்னதே முடிவு. எந்தக் கோர்ட்டிலும் அதைக் கேள்வி கேட்கக் கூடாது. டெலிபோனை நடத்தியதும் அதே சர்க்கார்தான் என்பதை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. அந்த மத்தியஸ்தர் தம் தீர்ப்புக்குக் காரணம் எழுத வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்ல 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. சாதாரண மனிதனும் படியேறிப் போகக்கூடிய ஒரு மன்றம் கிடைத்தது. டெலிபோன் வழக்குகளும் அங்கே போயின. ஆனால் 2009-ல், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 7-பி என்ற தனி வழி இருக்கும்போது நுகர்வோர் மன்றத்துக்கு இதில் வேலையில்லை என்று சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. திறந்த கதவு சாத்திக்கொண்டது.

அதற்குள் டெலிபோன் கம்பியில் இன்டர்நெட்டும் வந்துவிட்டது. 1995 ஆகஸ்டு 15-ம் தேதி பொது ஜனங்களுக்கு அதைத் திறந்துவைத்தார்கள். முதலில் மணிக் கணக்கு. அதோடு டெலிபோன் மீட்டரும் தனியே ஓடும். பிறகு பிராட்பேண்டும், மாத வாடகையும், யாருக்கும் முழுதாகப் புரியாத 'பிளான்'களும் வந்தன. பழைய மீட்டராவது எக்ஸ்சேஞ்சில் ஒரு இடத்தில் இருந்தது. புதிய கணக்கு எங்கே இருக்கிறதென்றே தெரியாது.

சாத்திய கதவைத் தட்டியவர் அகமதாபாத்வாசி ஒருவர். மாதம் சராசரி 555 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தவருக்கு, 2013-ல் ஒரே மாதத்துக்கு 24,609 ரூபாய்க்கு மொபைல் பில் வந்தது. அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். கம்பெனி 7-பியைக் காட்டித் தடுத்தது. விவகாரம் டில்லி வரை சென்று, 2022 பிப்ரவரியில், நுகர்வோர் மன்றம் இத்தகைய வழக்கை விசாரிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2023-ல் இயற்றிய தொலைத்தொடர்புச் சட்டமும் நுகர்வோர் சட்டப்படி நிவாரணம் தேடும் உரிமையைத் தொடவில்லை.

சட்டம் இருக்கிறது, படியேற வயோதிகர்களுக்குக் கால் வேண்டாமா? இதை நான் புஸ்தகத்தில் படித்து அறியவில்லை. மாயவரத்தில் என் சித்தப்பாவிடம் அறிந்தேன். அவருக்கு 82 வயது. தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். பேரன் படிப்பு முடிந்து வேலைக்குப் போனதும், பிராட்பேண்ட் இணைப்பை வேண்டாமென்று எழுதிக் கொடுத்து, மோடத்தையும் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டார். ஆனாலும் ஐந்து மாதம் பில் வந்தது. அப்புறம் வசூல் ஆசாமி ஒருவன் போன் செய்தான்.

"கட்டாதீர்கள் சித்தப்பா" என்றேன்.

"போகட்டுமடா. கடன்காரன் என்று சொல்லிவிட்டான். இந்த வயசில் அந்தப் பேர் எனக்கு எதற்கு?" என்றார்.

அவர் கொடுக்கத் துணிந்தது பில்லுக்கான பணமல்ல, மானத்துக்கான விலை. அதுதான் என்னை உறுத்திற்று.

இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும் என்றார்கள். அவருக்கோ காது மந்தம். எனவே எனக்கு அதிகாரம் கொடுத்து அவர் கையெழுத்திட்ட கடிதத்தை அனுப்பினேன். புகாருக்கு ஒரு எண் தந்தார்கள். "விசாரித்தோம், பில் சரியே" என்று பதில் வந்தது. பழைய மீட்டரின் குரல்! 2012-ம் வருஷத்து ஒழுங்குமுறைப்படி கம்பெனிக்குள்ளேயே ஒரு மேல்முறையீடு உண்டு. 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ரசீதின் நகலை இணைத்து மேல்முறையீடு செய்தேன். பில் ரத்தாயிற்று.

அங்கேயும் நடக்காவிட்டால் நுகர்வோர் மன்றத்துக்கே போயிருப்பேன். வக்கீல் அல்லாத ஒருவரும் பிறருக்காக அங்கே ஆஜராகலாம் என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்திருக்கிறது. 2019-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, புகார் செய்பவர் தாம் வசிக்கும் ஊரின் மன்றத்திலேயே மனுச் செய்யலாம்.

செய்தி சொன்னபோது சித்தப்பா சந்தோஷப்படவில்லை. "பாக்கி இல்லை என்று எழுத்தில் கொடுத்தார்களா?" என்றுதான் கேட்டார். வாங்கி அனுப்பினேன். ரசீதோடு சேர்த்துக் கோத்து வைத்திருக்கிறார்.

தொல்லை விட்டால் போதுமென்று பெரியவர்கள் எத்தனையோ பேர் இப்படிக் கட்டிவிடுகிறார்கள். கட்டிய பணம் சிறிதாக இருக்கலாம். ஆனால் கேள்வி கேட்காமல் கட்டிய ஒவ்வொரு பில்லும் மீட்டருக்குச் சாதகமாக ஒரு சாட்சி சொல்லிவிடுகிறது. அவர்களுக்காகப் பேச வீட்டில் ஒருவர் முன்வந்தால், அந்தச் சாட்சி தானாகவே பிறழ்ந்துபோகும்.