போர்ட்லாந்து ஸ்டீல் பாலத்தின் வம்சாவளி: ஒரு மறுவாசிப்பு

ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரை ஊடறுத்து ஓடும் வில்லமெட் ஆற்றின் மீது 1912இல் எழுந்த ஸ்டீல் பாலத்தைச் செங்குத்துத் தூக்குப் பாலங்களின் நேர்வரிசையில் வைத்துப் பேசுவதே இதுவரையிலான வழக்கம். சிகாகோவின் தெற்கு ஹால்ஸ்டெட் தெருப் பாலம் (1894) தொடக்கம். போர்ட்லாந்திலேயே உள்ள ஹாதார்ன் பாலம் (1910) அடுத்த படி. ஸ்டீல் பாலம் அதன் முதிர்ச்சி. பார்வைக்கு ஒழுங்கான வரிசைதான். ஆனால் பாலம் அசையும் முறையை உற்றுநோக்கினால் இந்த வரிசை நிற்பதில்லை என்பது என் கருத்து.

இவ்வரிசையின் ஊற்று பெரும்பாலும் ஒரே நூல்: ஜே. ஏ. எல். வாடல் 1916இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட பாலப் பொறியியல் நூல். ஹால்ஸ்டெட் பாலம் வாடலின் சொந்தப் படைப்பு. ஹாதார்ன், ஸ்டீல் இரண்டும் அவரும் ஜான் லைல் ஹாரிங்டனும் 1907இல் தொடங்கிய கூட்டு நிறுவனத்தின் வேலை. நூல் வெளிவருமுன்பே அந்தக் கூட்டு முறிந்துவிட்டது. பிரிந்த கூட்டாளிகளில் ஒருவர், பிரிவுக்குப் பின், தம் 1894ஆம் ஆண்டுப் பாலத்தை முதலாக வைத்துச் சொல்லும் வரலாற்றைச் சான்றாக ஏற்கலாம். தீர்ப்பாக ஏற்க வேண்டியதில்லை. அவர் வேண்டுமென்றே எதையும் மறைத்தார் என்பதல்ல என் வாதம். தொடர்ச்சியைக் காண விரும்பும் கண்ணுக்குத் தொடர்ச்சியே தென்படும் என்பதுதான்.

இனி பாலத்துக்கே வருவோம். நூலைவிட இரும்பு தெளிவாகப் பேசுகிறது. 211 அடி நீளமுள்ள தூக்குக் கண்ணில் இரண்டு தளங்கள். கீழ்த்தளத்தில் ரயில், மேல்தளத்தில் அன்று டிராமும் சாலை வண்டிகளும், இன்று மாக்ஸ் இலகு ரயிலும் மோட்டார் வாகனங்களும். மூடிய நிலையில் கீழ்த்தளம், ஆற்றின் நீர் தாழ்ந்திருக்கும்போது, நீரிலிருந்து வெறும் 26 அடி உயரத்தில் இருக்கிறது. ஓரளவு உயரமான கலம் வந்தால் கீழ்த்தளம் மட்டும் மேலேறும். அதைத் தாங்கும் தொங்குதண்டுகள் மேல்தளச் சட்டகத்தின் தூண்களுக்குள்ளேயே வழுக்கிப் புகுந்துகொள்ளும். மேலே போக்குவரத்து நிற்பதில்லை. கீழே 72 அடி வழி கிடைத்துவிடுகிறது. உயர்ந்த கப்பல் வந்தால்தான் கீழ்த்தளத்தை வயிற்றோடு ஒட்டிச் சுமந்தபடி மேல்தளமும் எழுந்து 163 அடி வழி விடுகிறது.

இந்த வரிசைமுறையில்தான் என் வாதம் அடங்கியிருக்கிறது. கீழ்த்தளம் தனியாக எழ முடியும். மேல்தளம் தனியாக எழ முடியாது. சரக்கு ரயிலின் பாரம் தொங்குதண்டுகள் வழியே மேல்தளச் சட்டகத்துக்குத்தான் போய்ச் சேருகிறது. ஹாதார்ன் பாலத்தில் இந்த ஏற்பாட்டின் நிழல்கூட இல்லை. அங்கே இரு கோபுரங்களுக்கு இடையே ஒரு கண் முழுதாக ஏறி இறங்குகிறது, அவ்வளவே. ஸ்டீல் பாலத்தின் ஏற்பாட்டை அப்படியே காண வேண்டுமானால் கான்சாஸ் சிட்டிக்குத்தான் போக வேண்டும். அங்கே மிசௌரி ஆற்றின் மீது இதே நிறுவனம் 1911இல் முடித்த ஆர்மர்–ஸ்விஃப்ட்–பர்லிங்டன் பாலத்தில் ரயில் தளம் இதேபோல் மேல்சட்டகத்துக்குள் தண்டுகளை மடக்கிக்கொண்டு எழுகிறது. அன்று மேலே இருந்த சாலைத் தளம் மட்டும் அசைந்ததே இல்லை. மிசௌரியின் படகுகளுக்கு அது போதும். கடற்கப்பல் வந்துபோகும் துறைமுக நகருக்குப் போதாது. ஆகவே கான்சாஸ் சிட்டியின் அசையாத மேல்தளத்தைப் போர்ட்லாந்தில் கோபுரங்களுக்கு இடையே தொங்கவிட்டார்கள் என்றே கருத இடமிருக்கிறது. தூக்குப் பாலத்துக்கு இரண்டாவது தளம் கூட்டப்படவில்லை. மடங்கும் பாலத்துக்குத் தூக்கு கூட்டப்பட்டது.

எதிர் எடைகளும் இதையே உணர்த்துவதாகத் தோன்றுகிறது. கீழ்த்தளத்துக்கு எட்டு, மேல்தளத்துக்கு இரண்டு. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 90 லட்சம் பவுண்டு. மேல்தளம் ஹால்ஸ்டெட் பாணியில் இரு முனைகளில் மட்டும் பிடித்துத் தூக்கப்படுகிறது. கீழ்த்தளமோ நெடுகிலும் பல இடங்களில் தொங்குவதால் அதன் பளு பகுத்துச் சமன் செய்யப்பட்டிருக்கிறது. ஒரே கண்ணில் இரண்டு வேறு தூக்கு முறைகள். எடைகளின் எண்ணிக்கைக்குக் கோபுரத்தின் இடவசதியும் காரணமாகியிருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. அதை மட்டுமே காரணமாக்குவதுதான் எனக்கு உடன்பாடல்ல.

இரு பாலங்களும் ஓராண்டு இடைவெளியில் முடிந்தவை, எனவே எது எதற்கு மூலம் என்று சொல்ல முடியாது என்ற ஆட்சேபம் எழலாம். முன்பின் முறை என் வாதத்துக்குத் தேவையே இல்லை. இரண்டும் ஒரே வரைபலகையில் ஒரே சமயத்தில் பிறந்திருந்தாலும், ஸ்டீல் பாலத்தின் உடன்பிறப்பு கான்சாஸ் சிட்டிப் பாலமே. ஊரும் ஆறும் ஒன்றாக இருப்பதாலேயே ஹாதார்ன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வில்லமெட்டின் மீது ஏற்கனவே 1888இல் கட்டிய பழைய ஸ்டீல் பாலமும் இரட்டைத் தளம் கொண்டதுதானே என்பார்கள். அது சுழல் பாலம். திரும்பினால் இரண்டு தளங்களும் சேர்ந்தே திரும்பும். மேலே ஓடுவதும் கீழே ஓடுவதும் ஒருங்கே நின்றாக வேண்டும். 1912இன் வடிவமைப்பு தீர்க்க முனைந்தது அந்தச் சிக்கலைத்தான்.

யாருடைய யோசனை இது என்ற கேள்வியை வாடலின் நூலை மட்டும் வைத்துக்கொண்டு முடித்துவிடக் கூடாது. ஹாரிங்டன் பாலக் கட்டுமானத்தோடு இயந்திரப் பொறியியலிலும் தேர்ந்தவர். தண்டு தூணுக்குள் வழுக்குவது, இரு தளங்களின் ஓட்டத்தையும் ஒன்றோடொன்று இசைப்பது, இயந்திர அறையை அசையும் சட்டகத்தின் உச்சியிலேயே ஏற்றி வைப்பது ஆகிய மூன்றும் இயந்திரக்காரரின் மனத்தில் தோன்றக்கூடியவை. இது ஊகம்தான், ஆனால் இரும்பைப் பார்த்துச் செய்த ஊகம். ஹாரிங்டன் பின்னர் வேறு கூட்டாளிகளுடன் கொலம்பியா ஆற்றின் மீது வடிவமைத்த 1917ஆம் ஆண்டு இன்டர்ஸ்டேட் பாலம் ஒற்றைத் தளத் தூக்குப் பாலமாக அமைந்ததை எதிர்ச்சான்றாகக் காட்டுவோர் உண்டானால், அங்கே கீழே ஓட ரயில் இல்லை என்பதே போதிய விடை.