பழைய கார், புதிய பெட்ரோல்



எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. இன்றும் பலர் அதைச் செப்பனிட்டு, பெயின்ட் அடித்து, ஆசையாக ஓட்டுகிறார்கள். ஆனாலும் தொல்லை தீர்வதில்லை. காரணம் பாதி வண்டியில், பாதி வரலாற்றில்.

அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்க்லி கண்டறிந்த வழி அது. என்ஜின் இடிப்பதைத் தடுத்தது. வால்வு சீட் தேயாமலும் காத்தது. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. பிரிட்டனில் 2000-இல் அதன் பொது விற்பனை நின்றது. நல்ல முடிவுதான். ஆனால் பழைய என்ஜின்களுக்குக் கடினமான வால்வு சீட் பொருத்த வேண்டியதாயிற்று.

2021-இல் அங்கே 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது. பழைய ரப்பர் டியூப் அதைத் தாங்காமல் வெடித்துக் கசியும். எம்.ஜி.பி.யில் கார்புரேட்டருக்குக் கீழேயே கொதிக்கும் புகைக்குழாய். சொட்டினால் தீப்பிடிக்கலாம்.

நம் பழைய பெட்ரோல் அம்பாசடரின் 1489 சிசி என்ஜினும் இதே பி.எம்.சி. ‘பி’ வரிசைதான். இப்போது நம் பங்குகளில் 20 சதவீத எத்தனால். அப்பாவின், தாத்தாவின் அம்பாசடரை வைத்திருப்பவர்கள் பெயின்ட் அடிப்பதற்கு முன் பெட்ரோல் டியூபை மாற்றுங்கள். எத்தனால் தாங்கும் டியூபாகக் கேட்டு வாங்குங்கள்.